வாரம் ஒரு நாள் மாத்திரை

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மற்றதையெல்லாம் அம்மா சொல்லியிருப்பாள்.

நீ அனுப்பிய வாழ்த்து அட்டை வந்தது. பெயரைக்கூடத் தட்டச்சில் போட்டிருக்கிறாய். உன் பெயரில் வரும் 'ழ'வுக்கு நீ போடும் சுழியைத் தேடினேன். வேலை அதிகமாக இருக்கும், தெரியும்.

உன் மூட்டுகளைப் பிடித்திருக்கும் முடக்குவாதத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். நலமான மூட்டுச் சவ்வின் உள்ளடுக்கு ஒன்று முதல் மூன்று செல் கனம்தான். அழற்சி வந்தால் அது தடித்துப்போகிறது. அங்கே எந்தச் செல்லும் தனியாக இயங்குவதில்லை. டி செல் என்ற வெள்ளணு, பி செல் என்ற இன்னொரு வெள்ளணுவைத் தூண்டுகிறது. எதிர்ப்பொருளுக்கு வழிசெய்யும் பி செல், திரும்ப டி செல்லையே உசுப்பிவிடுகிறது. மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல் சுரக்கும் டி.என்.எஃப். என்ற புரதம், ரத்த ஓட்டத்திலிருந்து இன்னும் பல செல்களை உள்ளே இழுக்கிறது. சவ்வைப் பேண வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்டுகளும் சேர்ந்துகொண்டு குருத்தெலும்பை அரிக்கின்றன. மாடிப்படியில் விழுந்தாயே, அந்த முழங்கால் காயத்தை ஆற்றியதும் இதே கூட்டுறவுதான். காயம் ஆறியதும் அது கலைந்தது. மூட்டில் கலைய மறுக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், வலி குறைந்துவிட்டது என்று அதை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை நீயாக நிறுத்தாதே. அது பலன் காட்டவே பல வாரம் ஆகும். வாரம் ஒரு நாள்தான், தினமும் அல்ல. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதே.

இந்த விரல்களோடு ஆய்வேட்டை முடித்தவள் நீ. அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஆனால் அம்மாவிடம்கூட வலியைச் சொல்ல மாட்டேன் என்கிறாயே, அது என்ன பிடிவாதம்?

பிடிவாதம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். தேர்வு வந்த அந்த வருடம், காலையில் விரல் மடங்காமல் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். படிக்க மனமில்லாத நடிப்பு என்றேன். நீ அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய். அதன் பிறகு வலி என்ற சொல்லை என் காதுபட நீ சொன்னதே இல்லை. ஓராண்டு கழித்துத்தான் மருத்துவரிடம் போனோம். அந்த ஓராண்டும் உன் மூட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்று இப்போதுதான் படிக்கிறேன். என்னை மன்னித்துவிடு அம்மா.

கையால் எழுதி அனுப்ப வேண்டாம். மாத்திரை போட்ட அன்று ஒரே ஒரு புள்ளி அனுப்பு, போதும்.

அப்பா