தம்பியின்ர கம்பி மில் விஷயமா

மச்சான்,

உன்ர மெசேஜ் வந்து ரெண்டு கிழமையாச்சு, குறை நினைக்காத, மாசக் கடைசிக் கணக்கு முடிக்காமல் வேற ஒண்டிலயும் மனம் போகேல்ல. இங்க எல்லாரும் சுகம், வெள்ளவத்தையில ஒரே மழை, சின்னவள் ஏ.எல். எழுதி முடிச்சிட்டாள்.

தம்பி கம்பி மில் போடப்போறார், கட்டடம் எழும்புது, டிமாண்ட் இருக்கு, பிறகென்ன யோசனை எண்டு கேட்டிருந்தாய். பழைய சோனகத் தெருவில முப்பது வருஷம் கம்பியும் சீமெந்தும் விக்கிற கடையில கணக்கெழுதினவன் எண்ட உரிமையில சொல்லுறன், டிமாண்டை மட்டும் பாத்து இறங்க வேண்டாம்.

உலகத்தில வருஷத்துக்கு 180 கோடி தொன்னுக்கு மேல உருக்கு செய்யினம், அதில பாதிக்கு மேல சீனா. அவ்வளவு வித்தும் மில்காரனுக்கு மிஞ்சிறது கொஞ்சம்தான், ஏனெண்டால் அவனுக்கு மேல இரும்புத் தாது விக்கிறது வாலே, ரியோ ரின்ரோ, பிஎச்பி எண்டு விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய ஆக்கள், கீழ வாங்கிறவை கார்க் கொம்பனி, கப்பல் கட்டுறவை, அவையும் பெரிய ஆக்கள், நடுவில மில்லுகள் மட்டும் எக்கச்சக்கம். மேல இருக்கிறவன் கேட்டதைக் குடுக்கவேணும், கீழ இருக்கிறவன் சொன்னதுக்கு இறங்கவேணும். தாதை உருக்கிற ஊதுலையையும் நினைச்ச நேரம் அணைக்கேலாது, உள்ளுக்க இறுகினால் திரும்பப் பத்தவைக்கிற செலவே பெருஞ்செலவு, அதால விலை விழுந்தாலும் ஓட்டிக்கொண்டே இருப்பினம், எல்லாரும் ஓட்ட ஓட்ட விலை இன்னும் விழும்.

ஆனா மார்க்கெட் எப்பிடி அமைஞ்சிருக்கு எண்டதோட கதை முடியேல்ல மச்சான், நாங்கள் எப்பிடி நடக்கிறம் எண்டதும் இருக்கு. 1901ல பாங்க் முதலாளி ஜே.பி. மோர்கன், உருக்கு முதலாளி கார்னகியின்ர மில்லுகளையும் சேத்து யூ.எஸ். ஸ்டீலை உண்டாக்கேக்க அமெரிக்க உருக்கில ஏறக்குறைய மூண்டில ரெண்டு பங்கு அவையின்ர கையில. அதின்ர தலைவர் எல்பர்ட் கேரி 1907ல இருந்து போட்டிக் கொம்பனிக்காரரை டின்னருக்குக் கூப்பிட்டு விலையை விழாமல் பாத்துக்கொண்டவர். அந்த உயர்ந்த விலையின்ர நிழலிலதான் மற்ற மில்லுகள் வளந்து யூ.எஸ். ஸ்டீலின்ர பங்கைத் தின்னத் தொடங்கினது. கார்னகி இருந்த காலத்தில வேற மாதிரி, வியாபாரம் படுத்தால் விலையைக் குறைச்சு மில்லை முழுசா ஓட்டுவார், அந்த நேரத்திலதான் புது மெசினும் போடுவார். பிறகு நியூகோர் எண்ட அமெரிக்கக் கொம்பனி பழைய இரும்பை மின்னுலையில உருக்கி, தொழிலாளிக்கு உற்பத்திக்கேத்த போனஸ் குடுத்து முன்னுக்கு வந்துது, பழைய பெரிய கொம்பனியான பெத்லகேம் ஸ்டீல் 2001ல திவாலாப் போச்சு. ரெண்டும் ஒரே நாடு, ஒரே மார்க்கெட். யூ.எஸ். ஸ்டீலையும் கடைசியில 2025 ஜூனில ஜப்பான்காரன் வாங்கினான்.

சீமெந்து எண்டால் உனக்கும் எனக்கும் ஊர்க் கதை. அப்பா காங்கேசன்துறை பக்டரிக்கு சைக்கிளில போனது, எங்கட மாமர இலையெல்லாம் வெள்ளைத் தூள் படிஞ்சு கிடந்தது, உனக்கு ஞாபகமிருக்கும். 1950ல தொடங்கி 1990ல நிண்டுபோன அந்தச் சூளையை நினைச்சால் இப்பவும் நெஞ்சு அடைக்குது. காலுக்குக் கீழ சுண்ணாம்புக்கல், பக்கத்தில துறைமுகம், அரசாங்கமே முதலாளி, அந்த இடத்தின்ர பலமே அதுதான். சீமெந்து பாரம் கூட, விலை குறைவு, லொறிக் கூலியே தின்னும், அதால எந்த ஊரிலயும் விக்கிறவை கொஞ்சப் பேர்தான். இப்ப இலங்கையில சுண்ணாம்புக்கல்லில இருந்து சூளை போட்டுச் செய்யிறது புத்தளம் மட்டும், 1982ல தொடங்கின டோக்கியோ சீமெந்து போல மற்றவை கிளிங்கரை, அதாவது சூளையில சுட்டெடுத்த கட்டியை, கப்பலில இறக்கி அரைக்கினம், அதுக்குத்தான் திருகோணமலை வசதி. 2022ல ரூபா விழுந்தபோது ஆயிரம் சொச்சத்துக்கு வித்த மூடை மூவாயிரத்தைத் தாண்டினது. விலையை ஏத்த முடிஞ்சுது, ஏனெண்டால் விக்கிறவை கொஞ்சப் பேர், ஆனா வாங்க ஆள் வரேல்ல, எங்கட கடையில சில நாள் ஒரு மூடைகூடப் போகேல்ல. விலை சொல்லக்கூடியவனுக்கே அப்பிடியெண்டால் விலை சொல்லேலாத தம்பியின்ர நிலைமையை யோசிச்சுப் பார்.

கம்பி உருட்டிற உருக்குக் கட்டியை, அதான் பில்லட்டை, டொலரில வாங்கி, கம்பியை ரூபாவில, அதுவும் 60 நாள் செக்குக்கு விக்கவேணும். இறக்குமதித் தீர்வை அரசாங்கம் விடுற ஒரு கெசற் அறிவித்தலில மாறும். மில் பாதி ஓடினாலும் பாங்க் வட்டி முழுசா ஓடும். இவை மூண்டுக்கும் கணக்குப் போட்டு வச்சிருக்கிறாரோ எண்டு முதல்ல கேள்.

எனக்கு வேற ஒண்டு தோணுது. மில் வேண்டாம், கம்பியை வாங்கி, கட்டடப் பிளானுக்கேத்த மாதிரி வெட்டி வளைச்சு சைற்றுக்கே குடுக்கிற தொழில் செய்யட்டும். உலை வேண்டாம், போடுற முதலும் கொஞ்சம், சைற்றில கம்பி வீணாப்போறது குறையும் எண்டு கொன்ட்ராக்டர்மாரே என்னட்டக் கேட்டிருக்கினம். தம்பி கொழும்புக்கு வாற தேதியைச் சொல்லு, குவாரி வீதியில எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேரிட்ட நானே கூட்டிக்கொண்டு போறன், அட்வான்ஸ் ஒண்டும் அதுக்கு முதல் குடுத்திட வேண்டாம்.

அம்மாவின்ர கால் நோ இப்ப எப்பிடி?

அன்புடன்,
உன்ர மச்சான்