ஃபைல் சர்வரில் புதிய கட்டுப்பாடுகள்: பார்ட்டிகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள பார்ட்டிகளுக்கும் டிசைனர் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டால் சிவகாசியில் வேலை எப்படிக் குவியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்பே, நீங்கள் டிசைன் ஃபைல்களை அனுப்பிவைக்கும் எங்கள் ஃபைல் சர்வரில் சில கட்டுப்பாடுகள் போட்டுவிட்டோம். "பெரிய பார்ட்டிக்கு வழிவிட்டு, சின்ன பார்ட்டியின் ஸ்பீடைக் குறைத்துவிட்டார்கள்" என்று வாட்ஸப்பில் ஒரு பேச்சு சுற்றுகிறது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்போம். இது ரொம்பவே வலித்தது.

நடந்தது நேர் எதிர். கணக்கைப் பாருங்கள். டபுள் கிரௌன் தாள், அதாவது 20க்கு 30 இன்ச், 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி), நாலு கலர். சுருக்காத டிஃப் (TIFF) பட ஃபைல் ஒன்றே 216 எம்பி வரும். ஃபைல் அனுப்பும் சாஃப்ட்வேரான ஃபைல்ஸில்லாவில் ஒரே நேரத்தில் 10 ஃபைல் வரை ஏற்றலாம். ஓர் ஆஃபீஸில் மூன்று கம்ப்யூட்டரில் அப்படி வைத்தால் 30 இணைப்பு அங்கேயே போய்விடும். அந்த நேரத்தில் ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகையை அனுப்ப வந்தவருக்கு '421', அதாவது இணைப்பு காலி இல்லை என்று காட்டிக் கதவு மூடிக்கொள்ளும். எங்கள் லைன் 100 எம்பிபிஎஸ், நொடிக்கு 12 எம்பி சொச்சம்தான். இருப்பதை எல்லோரும் பங்கிட்டாக வேண்டும். இனி ஒரு லாகினுக்கு மூன்று இணைப்பு, நொடிக்கு மொத்தம் 2 எம்பி. அந்த 216 எம்பி ஃபைல் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும். வருஷம் முழுக்க அச்சு ப்ளேட் போடும் அண்ணாச்சிக்கும் இதே கணக்குதான், நேற்று விசிட்டிங் கார்டு கொண்டுவந்த தம்பிக்கும் இதே கணக்குதான். எவருக்கும் தனி வழி கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் கடைக்கே வந்து செட்டிங்கைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் பாதுகாப்பு. இதுவரை ஃபைல் அனுப்பப் பயன்பட்ட எஃப்டிபி, கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷண் 1971-ல் அமெரிக்காவில் எழுதிய முறை. நம் நாட்டுக்காரர் செய்தது என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் அதில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே போகும். வழியில் எட்டிப் பார்ப்பவர் படித்துவிடலாம். க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-லேயே அதைக் கைவிட்டுவிட்டன. எங்கள் சர்வரின் பதிவேட்டிலும் 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்று யாரோ பெயர் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபி முறைக்கு மாறிவிட்டோம். சாஃப்ட்வேரில் போர்ட் எண் 21-க்குப் பதில் 22 கொடுங்கள். முதல் தடவை சர்வரின் கைரேகை போல ஒரு நீண்ட எழுத்து வரிசை வரும். கவுண்டரில் தரும் சீட்டோடு ஒப்பிட்டுவிட்டு ஓகே கொடுங்கள். பொது லாகின் இனி இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி லாகின், உள்ளே போனால் உங்கள் ஃபோல்டர் மட்டும்தான் தெரியும். அடுத்த வருஷ டிசைன் அடுத்த பார்ட்டியின் கண்ணில் படாது.

பாஸ்வேர்டை ஐந்து முறை தப்பாகப் போட்டால் அந்த லாகின் கால் மணி நேரம் திறக்காது. பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தால் சாஃப்ட்வேரே திரும்பத் திரும்ப முயன்று உங்களைப் பூட்டிவிடும். முதலில் அதை அழித்துவிடுங்கள். ஃபைல்கள் 15 நாளில் சர்வரிலிருந்து நீங்கிவிடும், காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

நெகட்டிவ் ஃபிலிம் காலத்திலிருந்து எங்களோடு இருக்கும் பார்ட்டிகள் பலர். பேச்சு கிளம்பியதும் "என்னதான் விஷயம்?" என்று நேரில் வந்து கேட்டவர்களும் நீங்கள்தான். அந்த உரிமைக்கும் அன்புக்கும் மனமார்ந்த நன்றி.

புது லாகின் சீட்டைக் கடையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை வாட்ஸப்பில் அனுப்ப மாட்டோம். செட்டிங் போடத் தெரியாதவர்கள் லேப்டாப்பைக் கையோடு கொண்டுவாருங்கள், உட்கார்ந்து போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர், ப்ளேட் பிரிவு, சிவகாசி