ஸ்கேனில் தெரியாத வலி

தென்காசி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். காலாண்டுத் தேர்வுத் தாள்கள் குறுக்கே வந்துவிட்டன. நேற்று ராத்திரிதான் கடைசிக் கட்டைக் கட்டி வைத்தேன். நிவேதாவுக்கு இடம் முடிவானது கேட்டு மனசு நிறைந்துவிட்டது. பையன் வீட்டில் நகை, சீர் என்று ஒரு வார்த்தை எடுக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நல்ல மனிதர்கள். அம்மா சௌக்கியம். கண்புரை எடுத்த பிறகு பேப்பரை யாரையும் எதிர்பார்க்காமல் தானே படிக்கிறார்கள்.

சரி, செல்வி விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து அடிவயிற்றில் வலது பக்கம் இழுத்துப் பிடிக்கிறது, ஸ்கேன் எல்லாம் நார்மல், இப்போது ஒரு டாக்டர் “குடல் ஒட்டியிருக்கும், ஆபரேஷன் செய்து பிரித்துவிடலாம்” என்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் இதே கதை என்பதால்தான் கேட்கிறாய் என்று தெரிகிறது. அவளுடைய வலியை நான் முழுசாக நம்புகிறேன். ஆனால் அந்த ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். செல்வியையும் படிக்கச் சொல்.

எனக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன். அப்புறம் கட்டி இருக்கிறது என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள். தையல் எல்லாம் நன்றாக ஆறி, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, சில மாதம் கழித்துத்தான் வலி தொடங்கியது. கரும்பலகையில் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் தொப்புளுக்குக் கீழே இருந்து வலது இடுப்பு வரைக்கும் உள்ளுக்குள் யாரோ பிடித்து இழுப்பார்கள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வயிற்றைக் கையால் தாங்கிக்கொள்வேன். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டால் சாயங்காலம் வரை நிமிர முடியாது. சில நாள் ஒன்றுமே இருக்காது. அந்த நாளில் மற்றவர்கள் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கே” என்பார்கள். வலியைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

போன இடமெல்லாம் ஒவ்வொன்று சொன்னார்கள். கேஸ் என்றார் ஒருவர், அல்சர் என்றார் இன்னொருவர். மாதவிலக்கு நிற்கிற வயசு, இப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் என்னை வைத்துக்கொண்டே என் கணவரிடம், “மேடத்துக்கு மனசுலதான் பிரச்சினை, எங்கேயாவது கூட்டிட்டுப் போய் வாங்க” என்றார்கள். என் நாத்தனார் பாவம், பாசத்தில் குடலேற்றம் எடுக்கிற ஒரு அம்மாவிடம் அழைத்துப் போனாள். விளக்கெண்ணெய் தடவி உருவிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் அதற்குப் போகவே கூடாது என்று செல்வியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

கடைசியில் எனக்கு வழி காட்டியது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருக்கிற வலி சிகிச்சைப் பிரிவு. அப்படி ஒன்று இருப்பதே நம்மில் பல பேருக்குத் தெரியாது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்கள்தான் பெரும்பாலும் அதை நடத்துகிறார்கள். எல்லா ஊரிலும் இருக்காது, இருக்கிற இடத்திலும் வாரத்தில் குறிப்பிட்ட நாள்தான் பார்ப்பார்கள், கேட்டுக்கொண்டு போக வேண்டும். அங்கே இருந்த டாக்டர் அம்மா என் பழைய காகிதங்களை ஒன்று விடாமல் வாசித்தார். முந்தைய ஆபரேஷன் குறிப்பில் கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் இறுக ஒட்டியிருந்ததைப் பிரித்து எடுத்ததாக எழுதியிருந்தது. எனக்கு அதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். குடலையும் வயிற்றின் உள்சுவரையும் வழவழப்பான மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அதனால்தான் குடல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நகர்கிறது. ஆபரேஷனில் கை பட்டு, காற்றுப் பட்டுக் காய்ந்து, ரத்தம் தேங்கி அந்தச் சவ்வு புண்ணாகிறது. புண்ணான இடத்தில் பைப்ரின் என்கிற பசை ஊறுகிறது. சில நாளில் உடம்பே அதைக் கரைத்துவிட வேண்டும். கரையாமல் நின்றால் அது நாராக இறுகி, குடலைக் குடலோடும், குடலை வயிற்றுச் சுவரோடும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அதற்குள் ரத்தக் குழாயும் நரம்பும்கூட வளர்ந்துவிடும். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் 10 பேரில் 9 பேருக்கு இப்படிக் கொஞ்சமாவது ஒட்டல் இருக்கும். அவர்களில் அதிகம் பேருக்கு அது இருப்பதே தெரியாது, ஒரு தொந்தரவும் தராது. ஆபரேஷனே இல்லாமல் வயிற்று டிபி, குடல்வால் வெடித்தது, கர்ப்பப்பையின் உள்படலம் மாதிரித் திசு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் இவற்றாலும் வரும்.

ஸ்கேனில் ஏன் தெரிவதில்லை என்றும் கேட்டேன். நார் அவ்வளவு மெல்லியது, சுற்றியிருக்கிற திசு மாதிரியேதான் இருக்கும். அடைப்பு வந்து குடல் வீங்கினால் சிடி ஸ்கேன் அதைக் காட்டும், ஒட்டலை மட்டும் தனியாகக் காட்டுவது அபூர்வம். அதனால் ஸ்கேன் நார்மல் என்பதை வைத்து வலி பொய் என்று சொல்ல முடியாது என்றார். அதைக் கேட்டதும் அந்த நாற்காலியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, நான் முகம் துடைக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

தமிழ்நாட்டில் நடக்கிற பிரசவங்களில் 100க்கு 45 சிசேரியன் என்று 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதற்கு மேல் கர்ப்பப்பை ஆபரேஷன், குடும்பக் கட்டுப்பாடு. இத்தனை பெண்கள் வயிற்றில் கத்தி பட்டு வீட்டுக்கு வருகிறார்கள். ஒருத்தரிடமாவது இப்படி ஒன்று வரலாம் என்று முன்கூட்டிச் சொல்லி அனுப்புகிறார்களா? எனக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை, மல்லிகா.

இப்போது பிரித்துவிடுகிற ஆபரேஷன். ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நானும் அந்த டாக்டர் அம்மாவிடம் கெஞ்சினேன். அவர் சொன்ன பதில் இது. வெட்டுகிற ஒவ்வொரு இடமும் புதுப் புண், அங்கே மறுபடியும் ஒட்டும். ஒட்டின குடலைப் பிரிக்கும்போது குடலில் ஓட்டை விழுகிற ஆபத்தும் உண்டு. நெதர்லாந்தில் இதே வலியோடு இருந்த 100 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். எல்லோருக்கும் சின்னத் துளை வழியாக லேப்ராஸ்கோப் என்கிற கேமரா குழாயை விட்டு உள்ளே பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒட்டலை வெட்டிவிட்டார்கள், மீதிப் பேருக்குப் பார்த்ததோடு சரி. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே அளவு வலி குறைந்திருந்தது. 2003இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்தது இது. அதே ஆட்களைப் பல வருடம் கழித்து மறுபடி விசாரித்தபோது, வெட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டிருக்கிறார்கள். மறுபடி ஒட்டாமல் இருக்க உள்ளே விரிக்கிற மெல்லிய படலமெல்லாம் இருக்கிறது. ஒட்டுவதை அது குறைக்கும், ஆனால் வலி போய்விடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அதற்காக ஆபரேஷனே ஆகாது என்று நினைத்துவிடாதே. ஒட்டின நார் குடலை நெரித்து அடைப்பு வந்துவிட்டால் வேறு வழி இருக்காது. அலை அலையாக முறுக்கிக்கொண்டு வலி, வாந்தி (அதிலும் பச்சையாக வந்தால்), வயிறு உப்பல், வெளிக்குப் போகாமல் காற்றும் பிரியாமல் இருப்பது, இவை வந்தால் கஷாயம், சோடா என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். பழைய ஆபரேஷனைப் பற்றி வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு தைப்பொங்கல் சமயம் அப்படி ஆனது. பனங்கிழங்கு என்றால் எனக்கு உயிர் என்று உனக்குத் தெரியும். ஆசையாகத் தின்ற அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி. மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வாய்க்கு ஒன்றும் தராமல், குளுக்கோஸ் ஏற்றி வைத்திருந்தார்கள். கத்தி வைக்காமலே திறந்துகொண்டது. நிறையப் பேருக்கு அப்படித் திறந்துகொள்ளும், ஆனால் அதை ஆஸ்பத்திரியில் இருந்துதான் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து பனங்கிழங்கு, வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுச் சுளைத் தோல் எதுவும் தொடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிடுகிறேன். செல்விக்கு அடைப்பு வந்ததில்லை என்றால் அவள் இவ்வளவு கட்டுப்பாடாக இருக்க வேண்டியதில்லை, டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று, இதுதான் செல்விக்கு ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். அந்த டாக்டர் அம்மா என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, வலிக்கிற இடத்தில் ஒரு விரலை வைக்கச் சொன்னார். பிறகு விரல் மேல் தன் விரலை அழுத்திக்கொண்டு, “தலையை மட்டும் தூக்குங்க” என்றார். தூக்கினேன், வலி சுரீரென்று ஏறியது. வலி குடலில் இருந்து வந்தால் வயிற்றுத் தசை இறுகும்போது அது மூடிக் காப்பாற்றும், வலி கூடாது. கூடுகிறது என்றால் வயிற்றுச் சுவரிலேயே, தையல் ஓரத்தில் நரம்பு சிக்கியிருக்கலாம். கார்னெட் என்கிற அமெரிக்க சர்ஜன் 1926இலேயே எழுதிவைத்த சோதனை இது. காசும் இல்லை, மெஷினும் இல்லை. அதுவரை என்னைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட இதைச் செய்து பார்க்கவில்லை. அந்த இடத்தில் மரத்துப்போகிற ஊசி ஒன்று போட்டார்கள். எழுந்து உட்கார்ந்தேன், அந்தக் குத்தல் இல்லை. வலியில் ஒரு பங்கு ஒட்டல், ஒரு பங்கு இந்த நரம்பு என்று அன்றைக்குத்தான் தெளிவானது. ஊசியின் பலன் சில வாரம் நிற்கும், அப்புறம் மெல்லத் திரும்பும், மறுபடி போட்டுக்கொள்வேன்.

ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுத்தார்கள். மருந்துக்கடைப் பையன், “இது டிப்ரஷன் மாத்திரை ஆச்சே” என்றான். என் கணவர் பயந்துவிட்டார். மனச்சோர்வுக்கு இதையே அதிக அளவில் கொடுப்பார்கள், இந்தச் சின்ன அளவு நரம்பு வலிக்கு. வாய் உலரும், ஆரம்பத்தில் காலையில் எழ முடியாது, மலச்சிக்கல் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் தூக்கம் வந்தது, தூக்கம் வந்ததால் மறுநாள் வலியைத் தாங்கத் தெம்பு வந்தது. டிரமடால் மாதிரி கடுமையான வலி மாத்திரைகளை மட்டும் வேண்டாம் என்றார். அவை குடலை மந்தமாக்கி, மலம் கட்டி, நம் மாதிரி ஆட்களுக்கு வலியைக் கூட்டியே விடும். பிசியோதெரபியில் வயிறு நிறைய மூச்சு விடுவதும், தழும்பை மெதுவாகத் தேய்த்துவிடுவதும் சொல்லிக்கொடுத்தார்கள். சாயங்காலம் பெரிய கோயில் வீதியில் நடக்கிறேன்.

வலி போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. குறைந்திருக்கிறது, அடிக்கடி வருவதில்லை, வந்தாலும் எனக்குப் பயம் இல்லை. தலைமையாசிரியை என் வகுப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார். பலகையின் கீழ்ப்பாதியில் நான் எழுதுவேன், தேதியும் பாடத் தலைப்பும் மேலே எழுதுவது பிள்ளைகள் வேலை. முறை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

செல்வி செய்ய வேண்டியது இதுதான். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பையும் கேட்டு வாங்கட்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள், விடக்கூடாது, அது அவளுடையது. ஒட்டல் இருந்ததா என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பிரித்துவிடலாம் என்கிற டாக்டரிடம், எனக்கு அடைப்பு இருக்கிறதா, இல்லை என்றால் எதற்காகத் திறக்கிறீர்கள், இதனால் வலி குறையும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கட்டும். உன் மாப்பிள்ளையையும், அதான் அவள் வீட்டுக்காரரையும், கூட அனுப்பு. அவர் காதில் டாக்டர் வாயால் விழுந்தால் வீட்டில் பாதிப் பேச்சு அடங்கும். கரூரிலிருந்து திருச்சி பக்கம்தான், அங்கே வலி சிகிச்சைப் பிரிவு எந்தெந்த நாள் என்று நீயே விசாரித்துவிடு. கிடைக்கவில்லை என்றால் இங்கே அனுப்பு, நான் கூட்டிப் போகிறேன். நம் வீட்டில் தங்கட்டும், அம்மாவுக்கும் பேச்சுத் துணை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன். காய் நறுக்குகிற வேலை எல்லாம் என்னிடம் கொடு. தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பது மட்டும் ஆகாது, எனக்கு மேஜைப் பந்தியில் இடம் போடு. ஆபரேஷன் குறிப்பு கிடைத்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
சகுந்தலா