சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு முழு விசாரணையைக் காட்டுங்கள்

தமிழ்நாடு சட்டத்துறைக்கும், சட்டக் கல்வி இயக்ககத்துக்கும், டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவுக்கும் வணக்கம்.

1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரிக்குப் பெயர் வாங்கித் தந்ததில் பாதி, அது இருந்த இடம். உயர் நீதிமன்றத்தை ஒட்டி ஹென்றி இர்வின் கட்டிய அந்தச் செங்கல் கட்டடத்திலிருந்து கோர்ட்டுக்கு நடந்தே போய் வாதத்தைக் கேட்க முடிந்தது. பதஞ்சலி சாஸ்திரி, அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்று கோலக்நாத் வழக்கில் தீர்ப்பளித்த சுப்பா ராவ், சதாசிவம் என உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிகள் அங்கே படித்தார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யரும் குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனும் அங்கே படித்தவர்கள்தான்.

2008 நவம்பர் 12 அன்று வளாகத்தில் நடந்த சாதி மோதலும், போலீஸ் வேடிக்கை பார்த்து நின்ற காட்சியும் அந்தப் பெயரை மூடிவிட்டன. அதை விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையம் கல்லூரியின் இடமாற்றத்தைப் பரிந்துரைத்தது. 2018இல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்குமாகப் பிரிந்தது. பழைய இடமான பாரிமுனைக்குத் திரும்பக் கேட்டு இதை எழுதவில்லை. விட்டுப்போன கோர்ட் தொடர்பைத் திரும்பக் கட்டித் தாருங்கள் என்கிறோம்.

இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளில் அதற்கு வழி இருக்கிறது. மாதிரி நீதிமன்றத் தாளின் 100 மதிப்பெண்ணில் 30, ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு என இரண்டு விசாரணைகளைப் பார்த்துப் பதிவு செய்வதற்கு உரியது. நடப்பதோ வேறு. மாணவர்கள் கும்பலாக ஒரு நாள் போகிறார்கள், வழக்குக்கு வாய்தா விழுகிறது, மீதியைச் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். சாட்சிக் கூண்டில் ஒருவர் முதல் விசாரணையில், அதாவது தன்னை அழைத்த தரப்பு வக்கீலின் கேள்விகளுக்குச் சொன்னது குறுக்கு விசாரணையில் எப்படிக் கரைகிறது என்பதைப் பார்க்காமலே பட்டம் வாங்குகிறவர்கள் உண்டு.

இதற்கு உயர் நீதிமன்றம் தேவையே இல்லை. அங்கே பெரும்பாலும் மேல்முறையீடும், அரசின் நடவடிக்கைகளை எதிர்க்கும் ரிட் மனுக்களும்தான். சாட்சி விசாரணை நடப்பது கீழமை நீதிமன்றங்களில். பட்டரைப்பெரும்புதூருக்குத் திருவள்ளூர் மாவட்ட நீதிமன்றம் பக்கம். புதுப்பாக்கத்துக்குச் செங்கல்பட்டு இருக்கிறது. மாவட்ட நீதிபதியின் இசைவோடு, சாட்சிகளுக்குச் சம்மன் போய், அடுத்தடுத்த நாட்களில் விசாரணைக்கு வரும் செஷன்ஸ் வழக்கை, அதாவது கொலை போன்ற பெரிய குற்ற வழக்கைத் தேர்ந்தெடுங்கள். சாட்சி வந்துவிட்டால் விசாரணையை நாள்தோறும் தொடர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346ஆவது பிரிவு. ஆகவே வாய்தா பயம் குறையும். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் போதும். போவதற்கு முன்பே முதல் தகவல் அறிக்கையும் குற்றச்சாட்டும் அவர்கள் கையில் இருக்கட்டும். திரும்பியதும் ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு பக்கம்: எதை நிரூபிக்க வந்தார், எங்கே முரண்பட்டார், எந்த ஆவணம் சான்றாக எண்ணிட்டுக் குறியீடு செய்யப்பட்டது. அப்படி எழுதியதைக் காப்பியடிக்க முடியாது. பாலியல் குற்ற வழக்குகளையும் மூடிய அறை விசாரணைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

சிவில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதில் முழு விசாரணையைப் பார்க்கச் சொல்வது நடக்காத காரியம். பிராது, எதிராளி தரும் எதிருரை, கோர்ட் தீர்க்க வேண்டிய கேள்விகளான எழுவினாக்கள் ஆகியவற்றைப் படிக்க வைத்து, ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணையை மட்டும் பார்க்கச் சொல்லலாம்.

மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் வக்கீல் அலுவலகம் போன்ற இடங்களில் பயிற்சி கட்டாயம். வக்கீல் குடும்பத்துப் பிள்ளைக்கு அலுவலகம் தானாகக் கிடைக்கும். முதல் தலைமுறை மாணவர் யாரிடம் போய் நிற்பார்? இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடும் அரசு வழக்கறிஞர் அலுவலகங்களோடும் கல்லூரியே எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்து, விடுமுறை தொடங்கும் முன் இடம் ஒதுக்கித் தர வேண்டும். அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணை அச்சாகும் முன்பே இந்த ஏற்பாடு முடிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
சட்டக் கல்வியில் அக்கறை கொண்ட வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள்