ஒரு ஷீட் ப்ளைவுட்டில் இரண்டு லாங்போர்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலைச்சறுக்கு பழகும் பிள்ளைகள் மற்ற நேரங்களில் சறுக்குப் பலகை ஓட்டுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், 'இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு' என்று அதற்கு ஒரு வாசகர் எழுதியிருந்த மறுமொழியையும் படித்தேன். முப்பது ஆண்டுகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் மரவேலை கற்பித்தவன் நான். சென்ற ஆண்டு பேரனுக்காக வீட்டிலேயே லாங்போர்டு செய்யப் புகுந்து, முதல் பலகையை உடைத்து, இரண்டாவதில் தேறினேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

லாங்போர்டு என்பது சாதாரண சறுக்குப் பலகையைவிட நீளமானது. வித்தை காட்டுவதைவிட, இடம் விட்டு இடம் போவதற்கும் சரிவில் வளைந்து வளைந்து இறங்குவதற்குமே அது பயன்படுகிறது. ஆள் நிற்கும் பலகை, அதன் அடியில் பூட்டும் 'ட்ரக்' எனப்படும் இரண்டு அச்சுகள், நான்கு சக்கரங்கள், எட்டு பேரிங்குகள் ஆகியவற்றில் நம் கையால் செய்யக்கூடியது பலகை மட்டுமே. செலவைக் குறைக்க இடமிருப்பதும் அங்கேதான்.

அலமாரி வேலையில் மிஞ்சிய 12 மி.மீ. கமர்ஷியல் ப்ளைவுட் துண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. அதை 40 அங்குல நீளத்துக்கு அறுத்து முதல் பலகையைச் செய்தேன். மூன்றாம் வாரம், பேரன் ஓட்டிக்கொண்டிருந்தபோதே முன் ட்ரக்கை ஒட்டி அது முறிந்தது. பையன் முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பினான். முறிந்த துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. மேல் வெனீரின், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகட்டின், ரேகை பலகைக்குக் குறுக்காக ஓடும்படி அறுத்திருக்கிறேன். போதாக்குறைக்கு, போல்ட் துளைக்குப் பக்கத்திலேயே உள்ளடுக்கில் ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம். மாணவர்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது; சொல்லிக்கொடுத்தவன் மறந்துபோனான்.

விலைக்கு வரும் நல்ல பலகைகள் பெரும்பாலும் வட அமெரிக்க மேப்பிள் மரத்தின் 7 வெனீர்களை ஒட்டி, வளைந்த வார்ப்பச்சில் வைத்து அழுத்தியவை. வழக்கமாக அவற்றில் 5 அடுக்குகளின் ரேகை நீளவாக்கிலும் 2 அடுக்குகளின் ரேகை குறுக்கிலும் இருக்கும். நம் ப்ளைவுட்டில் ஒன்று விட்டு ஒன்று குறுக்காகவே அடுக்கப்படுவதால் பலம் இரு திசைக்கும் பங்காகிவிடுகிறது. அலமாரிக் கதவு கோணாமல் நிற்பதற்கு அது நல்லதுதான் என்றாலும், இரு முனைகளில் தாங்கப்பட்டு நடுவில் ஆளைச் சுமக்கும் பலகைக்கு அது குறையே. ஆகவே மேல் ரேகையாவது நீளவாக்கில் ஓடும்படி அறுப்பதும், உள்ளே வெற்றிடம் இல்லாத சரக்காகப் பார்த்து வாங்குவதும் கட்டாயம்.

இரண்டாவது பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 4 மி.மீ. மரைன் ப்ளைவுட் வாங்கினேன். கொதிநீரில் 72 மணி நேரம் கிடந்தாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அந்தத் தர நிர்ணயத்தின் விதி. இருந்தாலும் முத்திரையை மட்டும் நம்பிவிடாமல், ஷீட்டின் வெட்டுமுகத்தை நான்கு பக்கமும் பார்த்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. உள்ளே ஓட்டையிருந்தால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும்.

அதிலிருந்து ஒரே அளவில் மூன்று துண்டுகள் அறுத்து, அவற்றுக்கு இடையே பெவிகால் மரைன் பசையை ஊற்றி, ஓரத்தில் பல் வெட்டிய பழைய ஏ.டி.எம். அட்டையால் சீராக இழுத்துப் பரப்பினேன். பிறகு தரையில் இரு முனைகளுக்கும் 6 நூல் (8 நூல் ஓர் அங்குலம்) உயரமுள்ள ரீப்பர் கட்டை வைத்து, அவற்றின் மேல் அடுக்கைக் கிடத்தி, 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் நான்கை வரிசையாக ஏற்றி, ஓரங்களைச் சி-கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ஒரு முழு நாள் கழித்து எடுத்தபோது, 6 நூல் வளைவில் ஏறக்குறைய 5 நூல் நிலைத்திருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டால் நடுவில் சற்றே உயர்ந்த வில் போன்ற பலகை. ஏறி நின்றால் மெல்லத் தழைந்து கொடுக்கிறது. பிதுங்கும் பசை தரையில் ஒட்டாமலிருக்கப் பாலிதீன் விரிக்க வேண்டும். கைக்கு அகப்பட்ட தங்கள் நாளிதழை நான் விரித்ததால், உப்புத்தாளுக்கு மசியாத இரண்டு பத்தி வரி விளம்பரங்கள் வார்னிஷுக்குள் இன்றும் படிக்கும்படியே இருக்கின்றன.

ஜிக்சாவில் வடிவம் அறுப்பது, அரத்தால் விளிம்பை உருட்டுவது, வார்னிஷ் அடிப்பது எல்லாம் எந்தத் தச்சருக்கும் தெரிந்தவை. ஓரங்களில் மட்டும் ஒரு கை கூடுதலாக வார்னிஷ் அடிக்க வேண்டும். தண்ணீர் நுழைவது அங்கேதான். கால் வழுக்காமலிருக்க, மாடிப்படிகளில் ஒட்டும் சொரசொரப்பான டேப்பே போதும்.

துளையிடுவதில்தான் கவனம் வேண்டும். ட்ரக் அடித்தட்டின் நான்கு துளைகள் அகலவாக்கில் 1 அங்குலம் 5 நூல் இடைவெளியில் இருக்கும். நீளவாக்கில் புதிய அளவானால் 2 அங்குலம் 1 நூல், பழைய அளவானால் 2 அங்குலம் 4 நூல். அமெரிக்கக்காரர்களின் இந்த அளவுகள் மில்லிமீட்டரில் பின்னமாக நிற்க, நம் ஆசாரிமார்களின் நூல் கணக்கில் அப்படியே உட்கார்ந்துவிடுவது எனக்கு வேடிக்கையாகவே இருந்தது. பலகையின் நடுவே சுண்ணாம்பு நூல் அடித்து, அந்தக் கோட்டுக்கு இரு புறமும் சமமாக அளந்து துளையிட வேண்டும். முன்னும் பின்னும் கோட்டை விட்டு விலகினால், வண்டி ஆயுளுக்கும் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

ட்ரக்கிலும் சக்கரத்திலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பழைய பேரிங்குகளைப் பலகையில் பூட்டிப் பேரிங் வண்டி ஓட்டி வளர்ந்தவர்களுக்கு, இரும்பு தார்ச்சாலையில் எப்படி அலறும், திருப்பத்தில் எப்படி வழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் 1950களில் இந்த விளையாட்டும் ரோலர் ஸ்கேட்டின் இரும்புச் சக்கரங்களைப் பலகையில் அறைந்தே தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் யூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் சக்கரங்களைக் கொண்டுவந்த பிறகே சாலையைப் பிடித்து ஓடும் வண்டியாயிற்று. தள்ளுவண்டிக் காஸ்டர்களை மாட்டி மிச்சம் பிடிக்க நினைப்பது, அந்தப் பழைய காலத்துக்கே திரும்புவதாகும். 70 மி.மீ. விட்டமும் 78ஏ அளவு மென்மையும் (எண் குறையக் குறைய மென்மை கூடும்) உள்ள யூரித்தேன் சக்கரம் நம் சாலைகளின் ஜல்லியைத் தாங்கும். சக்கரம் பெரிதாக இருந்தால் திரும்பும்போது பலகையின் அடியில் உரசி, ஆளைத் தூக்கி எறியும். அதனால் ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே 2 நூல் கனத்தில் கெட்டி ரப்பர் கொடுத்தேன். தேய்ந்த பேரிங்கை மாற்றுவது எளிது: 608 என்ற எண்ணைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள்.

எனக்கு ட்ரக், சக்கரம், பேரிங் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய் ஆயிற்று, ஹெல்மெட் தனி. பலகைக்கு 1,300 ரூபாய்தான், அதுவும் அடுத்த வீட்டுக்காரர் பங்குக்கு வந்ததால். நான் போன கடைகள் எதிலும் 8-க்கு 4 அடி முழு ஷீட்டுக்குக் குறைந்து தரவில்லை. அதில் 40 அங்குல நீளம், 10 அங்குல அகலத்தில் 8 துண்டுகள் கிடைக்கும். ஒரு பலகைக்கு மூன்று வீதம் இரண்டு பலகைகள் செய்தோம். பங்காளி கிடைக்காத பையன் ஒருவனுக்காக ஷீட்டைக் குறுக்கே அறுத்து, 4-க்கு 4 அடியாகக் கொடுக்க ப்ளைவுட் வியாபாரிகள் முன்வர வேண்டும் என்பதே தங்கள் வாயிலாக நான் வைக்கும் கோரிக்கை. மீதிப் பாதியும் அவர்களுக்கு விலைபோகக்கூடிய சரக்குதான். அந்த அரை ஷீட்டில் பலகைக்கு மூன்று துண்டுகள் போக ஒன்று மிஞ்சும். துளையிட்டுப் பழக அது ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மரவேலைப் பயிற்றுநர்,
செங்கல்பட்டு.