நிலவேம்பின் கசப்பை நாக்கில்தான் அளக்க வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் முக்கால் ஏக்கரில் நிலவேம்பு போட்டிருக்கிறேன். அறுத்து வந்து, வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் நிழலிலேயே காயவைத்து மூட்டை பிடித்தால், வாங்க வருகிறவர் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுவிட்டு, "கைப்பு பத்தலையே" என்று விலையைக் குறைக்கிறார். எங்கள் அப்பத்தாவும் மென்று பார்த்துத்தான் சொல்வார்கள், ஆனால் அதற்காக யாருக்கும் காசைக் குறைத்ததில்லை.

போன வருஷம் பொறுக்க முடியாமல் வெளியூர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு இலையை அனுப்பினேன். அங்கே அதை அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் செலுத்தித்தான் ஆண்ட்ரோகிராஃபோலைடு எவ்வளவு என்று சொல்ல முடியும். அந்தக் கைப்புக்கு முக்கியக் காரணம் அதுதான், தண்டைவிட இலையில்தான் அதிகம். முடிவுத் தாள் கைக்கு வந்தபோது சரக்கு விற்று மூன்று வாரம் ஆகியிருந்தது!

இதற்கு அகச்சிவப்பு முறை இருக்கிறது. உலர்ந்த தூளைச் சின்னக் கிண்ணத்தில் கொட்டி, கண்ணுக்குத் தெரியாத 800 முதல் 2500 நானோமீட்டர் வரையிலான ஒளியைப் பாய்ச்சினால், தூளில் உள்ள பொருள்கள் தங்களுக்கு உரிய அலைநீளங்களை விழுங்கிக்கொள்ளும், திரும்பி வரும் மிச்ச ஒளியை வைத்து ஓரிரு நிமிஷத்தில் கணக்குச் சொல்லிவிடலாம். மெத்தனாலும் வேண்டாம், தூளும் வீணாகாது. பெரிய பால் பண்ணைகளில் கொழுப்பையும் புரதத்தையும் அகச்சிவப்பில் அளப்பது பழைய சங்கதி.

சரி, ஒரு கருவியை வாங்கி வைத்தால் போதுமா என்றால் போதாது. கருவிக்கு முதலில் பாடம் சொல்லித்தர வேண்டும். நம் செம்மண்ணில் விளைந்த இலை, பூக்கும் முன் அறுத்தது, பூத்த பின் அறுத்தது, தண்டு கலந்தது என்று பல மாதிரிகளை எச்.பி.எல்.சி.யிலும் அளந்து, அந்த எண்களோடு திரும்பி வந்த ஒளியின் பதிவுகளைப் பொருத்தினால்தான் அது சொல்வதை நம்பலாம். வேறு ஊர் இலைக்குப் போட்ட கணக்கு இங்கே தப்பலாம். பச்சை இலையில் தண்ணீரின் பதிவே மற்றதையெல்லாம் மூடிவிடுவதால், காயவைத்த தூள்தான் நல்லது. அப்புறம், 0.1 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பதை அளக்க இந்த முறை தடுமாறும், ஆகவே பூச்சிமருந்து எச்சத்தை இதில் தேடக் கூடாது.

காரைக்குடியில் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில், இலையை மட்டும் நாக்கில் அளக்கிறோம். அவர்கள் கணக்கைப் போட்டுத் தரட்டும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒரு கருவி வைக்கட்டும். கட்டணம் வைத்தாலும் கட்டுகிறோம். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மாதிரி சேகரிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், என்னிடம் பைக் இருக்கிறது.

இப்படிக்கு,
நிலவேம்பு விவசாயி,
தேவகோட்டை வட்டம்