பல்லடம் டீக்கடையில் உதவிய அண்ணனுக்கு

போன ஞாயிறு, பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்துவைத்து முழித்துக்கொண்டிருந்தவன் நான்தான். ஏர் ஃபில்டர் மாற்றுவது எனக்கு முதல்முறை. ஃபில்டர் பெட்டியின் மூடி உட்காரவே இல்லை.

"ஏனுங் தம்பி, அமுக்காதீங்க, கிளிப் ஒடிஞ்சுரும். ஃபில்டரோட ரப்பர் விளிம்பு காடிப் பள்ளத்துல உட்காரலைங்க" என்றீர்கள். அதோடு விடவில்லை. புது ஃபில்டரை வெளியே எடுக்கவைத்து, பெட்டிக்குள் கிடந்த தூசியை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னீர்கள். சிந்தினால் நேரே எஞ்சினுக்குள் போகுமே. கழற்றிய ஃபில்டரின் மடிப்பெல்லாம் பஞ்சு. தறி ஓடும் ஊரில் வேறென்ன இருக்கும்!

அப்புறம் டீக்காசும் நீங்களே கொடுத்தீர்கள். பேர் கேட்பதற்குள் மொபெட் கிளம்பிவிட்டது. ரொம்ப நன்றிங்க அண்ணா. உங்கள் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் என்னிடமே தங்கிவிட்டது; அதே டீக்கடையில் கொடுத்துவைத்திருக்கிறேன்.